சுவருக்கு அந்தப் பக்கம் ஏழடி

என் கணவர் கச்சியப்பன் தொலைபேசி இலாகாவில் லைன்மேன். காற்றடித்தால், மழை பெய்தால், எந்தக் கம்பத்தில் எந்தக் கம்பி அறுந்தது என்று சைக்கிளில் போய்ப் பார்த்து, ஏறிக் கட்டிவிட்டு வருவார். பதினாறு வருஷம் அந்த வேலை பார்த்தார். கம்பத்திலிருந்து ஒரு தடவைகூட விழவில்லை. போன ஐப்பசியில், முப்பத்தைந்து வயதில், மஞ்சள் காமாலை வந்து மூன்று வாரத்தில் போய்விட்டார்.

இரங்கல் கூட்டத்தில் இலாகாக்காரர்கள் கம்பத்தைப் பற்றியே பேசினார்கள். புயலில் ஏறினார், இடியில் ஏறினார் என்றார்கள். எல்லாம் உண்மை. ஆனால் அவர் செய்தவற்றில் எது கடினம் என்று என்னைக் கேட்டால், ஏழடி நீளத்துக்கு நான்கு பொம்மை ரயில் பாதைகள் போட்டதைத்தான் சொல்வேன். அவரைத் தவிர அதை முழுசாகப் பார்த்தவர்கள் நான்கு பேர். நால்வரில் எழுதி வைக்கும் பழக்கம் உள்ளவள் நான் மட்டும்தான்.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு தெருவில் தொடங்கிப் பின்னால் கிணறு வரைக்கும் நீளமாகப் போகும். அறுபத்தாறில் நான் மருமகளாக வந்தபோது அந்த நீளம் நெடுக நடுவில் ஒரு சுவர் இருந்தது. ஒற்றைச் செங்கல் சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள். அந்தப் பக்கம் அவருடைய அண்ணன் பழனியும், அண்ணன் மனைவி வடிவாம்பாளும், ஒரு தறியும். அண்ணன் தம்பி இருவரும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. சுவர் கிணற்றங்கரையில் முடிந்துவிடும். கிணற்றைப் பிரிக்க முடியவில்லை. அதனால் வடிவாம்பாளும் நானும் பேசிக்கொள்ள ஒரு இடம் இருந்தது.

"உன் வூட்டுக்காரரு பாதி பாவுல இறங்கிப் போனவரு" என்று அந்த அக்கா எனக்கு முதல் மாதமே சொன்னாள். "அத்த இவரு மறக்க மாட்டாருமா. சோறு இல்லாம கூட இருப்பாரு, அத்த மறக்க மாட்டாரு."

நான் பி.ஏ. படித்துவிட்டுப் பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுப்பவள். எங்கள் வீட்டில் தறி கிடையாது. பாதிப் பாவில் இறங்குவது எவ்வளவு பெரிய குற்றம் என்று எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறமாக இருக்கும் கோர்வைச் சேலையை ஒருவர் தனியாக நெய்ய முடியாது. நடுவில் ஒருவர் உட்கார்ந்து நெய்வார். வலது ஓரத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நூல் சுற்றிய நாடாக் கட்டையை வாங்கிப் போடுவார். இரண்டு பேர் கையும் ஒரே கை மாதிரி ஓட வேண்டும். தறியில் ஏற்றிய நீள நூல்தான் பாவு. ஒரு பாவில் மூன்று சேலை வரும். அந்த மூன்றும் முடிந்து, நெய்பவர் வாயால் "இறங்கு" என்று சொன்ன பிறகுதான் ஓரத்து ஆள் தறியை விட்டு இறங்கலாம். அவர்கள் அப்பா காலத்திலிருந்து அந்த வீட்டில் இதுதான் வழக்கம்.

அறுபத்தொன்றில் என் கணவருக்கு இலாகாவிலிருந்து வேலை உத்தரவு வந்தபோது தறியில் ஒன்றரைச் சேலை மிச்சம் இருந்தது. சேர வேண்டிய நாள் தள்ளிப்போகாது. அண்ணனிடம் சொன்னால் தடுப்பார் என்று பயந்து, விடியற்காலையில் சொல்லாமல் இறங்கிப் போய்ச் சேர்ந்துவிட்டார். அண்ணன் வேறு ஆளை வைத்து முடித்தார். ஆனால் கை மாறிய இடம் துணியில் மெல்லிய வரியாகத் தெரிந்தது. அதன் பிறகு வந்ததுதான் சுவர்.

ரயில் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே வந்துவிட்டது. மெட்ராஸ் மூர் மார்க்கெட்டில் பழைய சாமான் கடை ஒன்றில் வாங்கியிருந்தார். ஊரை விட்டுப் போன ஏதோ வெள்ளைக்காரக் குடும்பத்துப் பிள்ளைகளுடையது. தகரத்தில் செய்த கறுப்பு எஞ்சின், சாவி கொடுத்தால் ஓடும். இரண்டு பெட்டிகள், வளைந்த தண்டவாளத் துண்டுகள். கல்யாணம் ஆன மூன்றாம் நாள் பின்கட்டு அறையைத் திறந்து எனக்குக் காட்டினார். ஆறடிக்கு நாலடிப் பலகை மேல் முட்டை வடிவில் ஒரு பாதை. தீப்பெட்டிகளால் ஒரு ஸ்டேஷன்.

"சிரிக்கிறதுன்னா இப்பவே சிரிச்சிடு. அப்புறம் எனக்குக் கோவம் வரும்" என்றார்.

நான் சிரிக்கவில்லை. ஸ்டேஷன் கூரையில் ஓடு ஓடாக அடுக்கியிருந்தார். ஒவ்வொரு ஓடும் புளியங்கொட்டையைத் தேய்த்து எடுத்தது. அதைப் பார்த்த பிறகு யாரால் சிரிக்க முடியும்?

எழுபதாம் வருஷம் அதே மார்க்கெட்டில் ஆறு கூட்ஸ் வேகன்கள் கிடைத்தன. அவற்றை எஞ்சினில் பூட்டி ஓட்டிக் காட்ட அந்தோணியை அழைத்து வந்தார். அந்தோணி எங்கள் ஊர் ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டி எந்தத் தண்டவாளத்தில் போக வேண்டும் என்று பாதையை மாற்றிவிடுவது அவர் வேலை. ரயில் பாதையோரத் தந்திக் கம்பங்களில் வேலை செய்தபோது என் கணவருக்குப் பழக்கமானவர்.

ஆறு வேகனும் எஞ்சினும் பலகையைச் சுற்றின. ஏழெட்டுச் சுற்று பார்த்துவிட்டு அந்தோணி பீடியைக் காதில் செருகினார்.

"இன்னா கச்சி, இது ரயில் இல்லபா. ராட்டினம்."

"ஏண்ணே?"

"சுத்திக்கினே இருக்குதே. கூட்ஸ் வண்டின்னா போய்ச் சேரணும். சேர்ந்து, கழட்டி, நிக்கணும். நிக்கறதுக்கு எடம் எங்க? யார்டு இல்லாத ஊருக்கு எவன்டா கூட்ஸ் அனுப்புவான்?"

அன்று முழுக்க என் கணவர் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் கணக்குப் போட்டார். ஆறு வேகனையும் பிரித்து நிறுத்த நான்கு பாதை வேண்டும். நீளம் ஏழடி. பலகைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்தது இரண்டு சாண். இன்னொரு பக்கம் என் சமையல்கட்டு.

"சமையல்கட்டுல கை வைக்காதீங்க" என்று முதலில் சொன்னேன். நான்கு நாள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, அம்மிக்கு மேல உயரத்துல பலகை அடிச்சுக்கோங்க" என்றேன்.

அவர் சமையல்கட்டைப் போய்ப் பார்த்தார். அளந்தார். "வளைவு ஜாஸ்தி வரும். எஞ்சின் கவுந்துடும்" என்றார்.

வளைவு அப்படி ஒன்றும் இல்லை. நானே நூல் பிடித்துப் பார்த்தேன். அவர் மறுபடியும் பின்கட்டு அறைக்குப் போய் நடுச்சுவர் எதிரில் உட்கார்ந்தார். சுவருக்கு அந்தப் பக்கம், தறிக்குப் பின்னால், அண்ணன் பாவுக் கழிகளை அடுக்கி வைக்கும் மூலை. பத்தடி நீளம் இருக்கும். சின்ன வயதில் இருவரும் படுத்துத் தூங்கிய இடம். அவருக்கு வேண்டியது எந்த ஏழடி என்று அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது.

"உங்க அண்ணனைக் கேளுங்களேன்."

"கேட்டா இல்லைன்னு சொல்லிடுவாரு. கேக்காத வரைக்கும் இல்லைன்னு சொல்லல இல்ல."

சித்திரை விடுமுறையில் ஒருநாள் பகலில் அறைக்குள் எட்டிப் பார்த்தபோது அவர் உளியும் சுத்தியலுமாகச் சுவரோரம் குந்தியிருந்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் தறி ஓடியது. நாடா போகும், தறிப் பலகை வந்து 'தக்' என்று அடிக்கும். அந்தத் 'தக்' விழும்போதே இவரும் உளி மேல் ஒரு அடி. அடுத்த 'தக்', அடுத்த அடி. இரண்டு சத்தமும் ஒன்றாகவே விழுந்தன. நான் பக்கத்தில் நின்றும் பிரித்துக் கேட்க முடியவில்லை. பத்து வருஷம் அந்தத் தறியின் ஓரத்தில் உட்கார்ந்தவர் செய்யக்கூடிய திருட்டுத்தனம் அது.

"இது தப்பில்லையா?" என்று கிசுகிசுத்தேன்.

"செங்கல்லுல பாதி என் பாகம்."

"எந்தப் பாதி?"

"இந்தப் பக்கத்துப் பாதி."

"அந்தப் பக்கத்துப் பாதியை எப்படி எடுப்பீங்க?"

"அத்தத்தான் யோசிச்சுக்கினு இருக்கேன். பேசாத, தாளம் தப்புது."

இரண்டு நாள் இப்படியே போயிற்று. மூன்றாம் நாள் உளி அந்தப் பக்கத்துப் பூச்சை எட்டிவிட்டது. இன்னும் நாலு அடி போட்டால் வெளிச்சம் வந்துவிடும் என்று காலையில் சொன்னார். தறி ஓடியது. தக், அடி. தக், அடி. பிறகு அவர் சுத்தியல் இறங்கியபோது தறி அடிக்கவில்லை. ஒற்றைச் சத்தமாக அது மட்டும் விழுந்தது. அந்தப் பக்கத்துப் பூச்சும் உதிர்ந்தது.

இவர் ஓங்கிய கையோடு அப்படியே இருந்தார்.

என் மூத்தாரின், அதாவது அவர் அண்ணனின், குரல் நிதானமாகக் கேட்டது. "வடிவு, செவுத்துக்குள்ள யாரோ தறி போட்டுக்கினு இருக்காங்க. மூணு நாளா நெய்யிறாங்க. இன்னா சேலைன்னு கேளு."

வடிவாம்பாள் அக்கா சிரிப்பை அடக்கும் சத்தமும் கேட்டது.

மூன்று நாளா என்றாரே, அப்படியானால் முதல் அடியிலேயே தெரிந்திருக்கிறது. தறிக்காரருக்குத் தன் பலகையின் ஓசை தெரியாதா? அதைத்தான் இவர் யோசிக்கவில்லை. தான் அண்ணனின் தாளத்தை அறிந்த அளவுக்கு அண்ணனும் அதை அறிவார் என்பதை மறந்துவிட்டார்.

மறுநாள் காலையில் ஓட்டையை அந்தப் பக்கத்திலிருந்து செங்கல் வைத்து அடைத்துச் சேறு பூசியிருந்தது. இவர் விரலால் தடவிப் பார்த்தார்.

"நல்லாத்தான் பூசியிருக்காரு. ஒரு விரிசல் இல்ல" என்றார். வேகன்களைத் துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்தார்.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் கோபப்பட்டிருப்பார்கள், அல்லது ரயிலையே விட்டிருப்பார்கள். அவர் யார்டுக்கான பாதைகளைச் செய்ய ஆரம்பித்தார். எண்ணெய் டின்னை வெட்டி, மடித்து, தண்டவாளம் செய்தார். தறியில் நூலைப் பிரித்துவிடும் பண்ணை ஒடிந்துபோனால் தெருவில் எறிந்துவிடுவார்கள். அதன் மூங்கில் சட்டங்களைப் பொறுக்கி வந்து குறுக்குக் கட்டைகளாக அறுத்தார். ஒரு பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் நகரும் துண்டுக்குப் பாயிண்ட் என்று பெயர். நான்கு பாதைக்கு மூன்று பாயிண்ட். ஒவ்வொன்றையும் ஆறு ஏழு தடவை செய்து தூக்கிப் போட்டார். எஞ்சின் சக்கரம் அரை நெல் அளவு இடித்தாலும் அவருக்குப் பொறுக்காது. போட இடமே இல்லாத ஒரு யார்டுக்கு இதெல்லாம்.

"எங்க வைக்கப் போறீங்க?"

"வைக்கும்போது பாத்துக்கலாம்."

ஆடி மாதம் அண்ணனோடு வேலை செய்த ஓரத்து ஆள், ஐயம்பேட்டை தர்மன், சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். தறியில் ஒன்றரைச் சேலை மிச்சம் இருந்தது. அதில் பாதியில் நின்றது கூறைப் புடவை. திருப்புட்குழியில் ஆவணி முதல் முகூர்த்தத்தில் கல்யாணம். வேறு ஓரத்து ஆள் எவரும் கிடைக்கவில்லை. ஊரில் எல்லாத் தறியிலும் ஆவணிக் கல்யாணச் சேலைதான் ஓடியது. வடிவாம்பாள் அக்கா உட்கார்ந்து பார்த்தாள். கரை நெளிந்தது. மூத்தார் அதைப் பிரித்துவிட்டுத் தறியை நிறுத்தினார்.

எங்கள் வீட்டில் சத்தமில்லாமல் போனதுதான் எனக்கு முதலில் தெரிந்தது. நான்கு வருஷமாகக் காதில் விழுந்த சத்தம். இவர் அன்று இரண்டு தடவை நடுச்சுவர் அருகே போய் நின்றுவிட்டு வந்தார்.

மறுநாள் ஐந்து மணிக்கு எழுந்து குளித்துவிட்டுத் தெருப் பக்கமாக வெளியே போனார். கம்பி அறுந்திருக்கும் போல என்று நினைத்தேன். சைக்கிள் வாசலிலேயே நின்றது. கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓட ஆரம்பித்தது.

நடந்ததைக் கிணற்றங்கரையில் அக்கா சொன்னாள். இவர் உள்ளே போய்த் தறி அருகில் நின்றிருக்கிறார். மூத்தார் தலை நிமிரவில்லை.

"கச்சி வந்திருக்குது" என்று அக்கா சொன்னாளாம்.

"தெரியுது. வேட்டிய மடிச்சுக் கட்டச் சொல்லு. இழையில படும்" என்றாராம் மூத்தார், அக்காவிடம்.

இவர் மடித்துக் கட்டிக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்தார். முதல் நாள் நாலு இடத்தில் தப்பு. கம்பம் ஏறிக் காய்த்த விரலில் பட்டு நூல் சிக்கியது. மூத்தார் பிரித்துவிட்டு மறுபடி நெய்தார். இரண்டாம் நாள் ஒரு தப்பு. அப்புறம் இல்லை. காலையில் எட்டு மணி வரைக்கும், வேலை முடிந்து வந்தபின் விளக்கு வைக்கும் வரைக்கும். பதினொரு நாள். அத்தனை நாளும் அக்காதான் நடுவில் தூது.

"தண்ணி வேணுமான்னு கேளு."

"வேணாமாம்."

"பழைய ஆளுக்குக் கை வலிக்குதான்னு கேளு."

"வலிக்கலியாம்."

"பொய்யின்னு சொல்லு."

பதினோராம் நாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இரண்டு சேலையையும் தறியிலிருந்து அறுத்துக் கூறைப் புடவையை விரித்தார்கள். கை மாறிய இடம் தெரிகிறதா என்று மூத்தார் அக்காவைக் கேட்டார். அக்கா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் தெரியவில்லை என்றாள். என் கணவர் கையை நீட்டி, "இங்க" என்று ஒரு இடத்தைக் காட்டினார்.

மூத்தார் துணி மேல் உள்ளங்கையை ஓட்டினார். "அதுக்கு ரெண்டு விரல் முன்னாடி" என்றார். அதை அவர் அக்காவைப் பார்த்துச் சொல்லவில்லை.

இவர் குனிந்து பார்த்தார். "ஆமாண்ணா" என்றார்.

"பாவு முடிஞ்சுது. இறங்கு."

வீட்டுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்தார். விரல்கள் வீங்கியிருந்தன. வெந்நீர் வைத்துக் கொடுத்தேன்.

"இன்னா சொன்னாரு?" என்று கேட்டேன். நாலு வருஷத்தில் அவர்கள் வீட்டுப் பேச்சு எனக்கும் வந்திருந்தது.

"இறங்குன்னாரு."

"அவ்வளவுதானா?"

"ஒம்பது வருஷமா அத்தச் சொல்லலியே" என்றார்.

அடுத்த அமாவாசையில், தறி ஓடாத நாளில், நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது வீடெல்லாம் செங்கல் தூள். மூத்தார் கடப்பாரையோடு நின்றார், சுவருக்கு அந்தப் பக்கம். நடுவில் இரண்டடி அகலத்துக்கு ஒரு பொக்கை. ரயில் போக ஐந்து அங்குலம் போதும். உடைந்த செங்கல் ஒன்று ஸ்டேஷன் கூரை மேல் விழுந்து புளியங்கொட்டை ஓடுகளை நொறுக்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் மூத்தார் பேசாமல் திரும்பிக்கொண்டார்; தம்பி மனைவியிடம் நேராகப் பேசும் வழக்கம் அவர்களில் இல்லை.

இவர் வேலையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "அளவு கேட்டிருக்கலாமே அண்ணா" என்றார்.

"யாரக் கேக்கறது? தொரை கம்பத்து மேல குந்திக்கினு இருந்தீங்க."

இவர் சிரித்தார். அவ்வளவு நேரம் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

அதற்கப்புறம் இரண்டு மாதம் இரண்டு வீட்டிலும் வேறு பேச்சில்லை. பாவுக் கழிகள் இடம் மாறின. அந்த மூலையில் முக்காலிகள் மேல் பலகை ஏறியது. இந்தப் பக்கத்து வட்டத்திலிருந்து ஒரு பாதை பிரிந்து, பொக்கை வழியாகப் போய், அந்தப் பக்கம் நான்காக விரிந்தது. அந்தோணி தினமும் வந்து குறை சொன்னார்.

"பலகை ஒரு பக்கம் சரிவா இருக்குது பாரு. வேகனைக் கழட்டி வுட்டா தானா ஓடிடும்."

ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்துப் பார்த்தார்கள். சரிவுதான். மூத்தார் பாவு நூலை இந்த முனைக்கும் அந்த முனைக்கும் இழுத்துக் கட்டிக் கண்ணை வைத்துப் பார்த்து, முக்காலிக்கு அடியில் எத்தனை அட்டை வைக்க வேண்டும் என்று சொன்னார். மூன்று என்றார். மூன்றுதான்.

பாயிண்டுகளை இந்தப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே இழுக்க வேண்டும் என்பது என் கணவரின் ஆசை. கம்பி போட்டுப் பார்த்தார், மடங்கியது. மூத்தார் கழிவுப் பட்டு நூலை எட்டு இழையாக முறுக்கிக் கொடுத்தார்: அரக்கு, பச்சை, மஞ்சள், பாயிண்டுக்கு ஒரு நிறம். ஐப்பசி மழையில் நூல்கள் தளர்ந்து பாயிண்டுகள் பாதியில் நின்றன.

"பட்டு ஈரத்துல தளரும். முனையில கல்லு கட்டித் தொங்க வுடு. பாவுக்குக் கட்டறதில்ல? பத்து வருசம் குந்தினியே, இன்னாத்தப் பாத்த?"

"உங்க மொகத்தப் பாத்துக்கினு இருந்தேன், எப்ப அடி வுழும்னு."

கல் கட்டிய பிறகு பாயிண்டுகள் டக், டக்கென்று விழுந்தன. இன்றுவரை ஒன்றுகூடப் பாதியில் நின்றதில்லை.

பாதைகளுக்கு ஒன்று, இரண்டு என்று நம்பர் போட அந்தோணி சொன்னார். மூத்தார் கேட்கவில்லை. கரை, உடல், முந்தி என்று மூன்றுக்குப் பெயர் வைத்தார். நான்காவதற்கு உதிரி.

"முந்தின்னு ஒரு லைன் எந்த ஊரு யார்டுலயும் இல்லபா" என்றார் அந்தோணி.

"எந்த ஊரு யார்டும் பிள்ளையார்பாளையத்துல இல்லியே" என்றார் மூத்தார்.

ஏழு வருஷம் அந்த யார்டு வேலை செய்தது. தறி நின்ற பிறகு, விளக்கு வைப்பதற்கு முன், அரைமணி நேரம். இவர் இந்தப் பக்கம் சாவி கொடுத்து விடுவார். மூத்தார் அந்தப் பக்கம் உள்ளங்கையை அணையாக வைத்து எஞ்சினை நிறுத்தி, வேகன்களைக் கழற்றி, மாற்றிப் பூட்டுவார். "முந்தில ரெண்டு வுடு." "உடல்ல எடமில்ல, கரைக்குத் திருப்பு." மற்றவர்களுக்கு இது விளையாட்டு. ஒன்பது வருஷம் பேசாதவர்களுக்கு என்ன பேசுவது என்று தெரியாது. பேச ஒரு விஷயம் வேண்டியிருந்தது, அதை என் கணவர் டின்னை வெட்டித் தன் கையால் செய்தார். அவரைப் போல ஒரு வேலையை யோசித்துச் செய்தவரை நான் பார்த்ததில்லை.

அவருடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உறவினர் சிலர் கூடத்தில் பேசினார்கள். இனிமேல் அந்தப் பொக்கையை மூடிவிடுவதுதான் மரியாதை, தனியாக இருக்கும் பெண்ணின் வீடு என்றார்கள். மூத்தார் அந்தப் பக்கத்திலிருந்து உரக்கச் சொன்னார்: "வடிவு, வண்டி யார்டுல நிக்குது. வண்டி நிக்கும்போது லைன மூடக் கூடாதுன்னு அந்தோணி சொல்லியிருக்காரு. சொல்லு அவங்களுக்கு."

அந்தோணி அப்படி எதுவும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. ஆனால் அங்கே உட்கார்ந்திருந்த அந்தோணி, "ஆமா, ரூல்" என்றார்.

அன்று சாயங்காலம் தறி நின்ற பிறகு பொக்கை வழியாக எஞ்சின் வந்தது, ஆறு வேகன்களோடு. வட்டத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, சாவி தீர்ந்து நின்றது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அதுவரை நான் அதற்குச் சாவி கொடுத்ததே இல்லை. கொடுத்துத் திருப்பி அனுப்பினேன். எந்த நூலும் இழுக்காததால் அது உதிரியில் போய் நின்றது. மறுநாளும் வந்தது. தினமும் வந்தது. தினமும் உதிரிக்கே திருப்பி அனுப்பினேன். நான் சாப்பிட்டேனா, எழுந்து நடமாடுகிறேனா என்பதையெல்லாம் மூத்தார் என்னிடம் கேட்க முடியாது. வண்டி திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொள்கிறார்.

நேற்று வடிவாம்பாள் அக்கா சின்ன காஞ்சிபுரத்தில் அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். வண்டி வந்தது. எண்ணிப் பார்த்தேன். ஐந்து வேகன்தான். நான் சாவி கொடுக்காமல் எஞ்சினைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பக்கம் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

"ஒண்ணுல சக்கரம் கழண்டுது. நாளைக்கு வந்துடும்."

அக்கா வீட்டில் இல்லை. அவர் யாரிடம் சொன்னார் என்று கேட்க வேண்டியதில்லை.

"இத எந்த லைன்ல வுடட்டும் மாமா?" என்றேன்.

"முந்தில வுடுமா. அரக்கு நூலு."

அரக்கு நூலை இழுத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பாயிண்ட் டக்கென்று விழுந்தது. சாவி கொடுத்து விட்டேன்.